அடுக்களைக் கணக்கு: குமரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. கடலோர ஊர்களில் இதோடு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். குமரி மாவட்டத்து வீடுகளில் காசு கொடுத்து வாங்கிய சாமான் வீணாவதற்குப் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். அடுத்த காரணம், அளவு தெரியாமல் அள்ளிப் போடுவது. இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பலவும் இந்த இரண்டில் ஒன்றில் போய்த்தான் நிற்கின்றன. முதல் இரண்டு பதில்கள் நீளமானவை. பணம் அதிகம் புழங்குவது எண்ணெயில் என்பதால் அவற்றுக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

சொந்தத் தேங்காயைக் காயவைத்து ஆட்டி வைக்கிறோம். வெயில் காலத்தில் ஆட்டிய எண்ணெய் ஆறு மாதம் ஆனாலும் நன்றாக இருக்கிறது. மழையில் ஆட்டியது ஒரு மாதத்திலேயே காறல் வாடை அடிக்கிறது. நல்லமிளகு போட்டால் நிற்கும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, மார்த்தாண்டம்

நல்லமிளகை நம்ப வேண்டாம். எண்ணெயில் தண்ணீர் இருக்கும்வரை எதைப் போட்டாலும் காறல் நிற்காது. தேங்காய் எண்ணெய் கெடுவதும் நல்லெண்ணெய், கடலை எண்ணெய் கெடுவதும் ஒன்றல்ல. அவை பெரும்பாலும் காற்றுப் பட்டுக் கெடும். தேங்காய் எண்ணெய் காற்றை ஓரளவு தாங்கும், ஆனால் ஈரத்தைத் தாங்காது. ஈரமும் பூசணமும் சேர்ந்து எண்ணெயை உடைக்கும்போது உள்ளே இருக்கும் கொழுப்பு அமிலங்கள் தனியே பிரிந்து வருகின்றன. சோப்பு மாதிரி தொண்டையில் காறும் வாடை அதிலிருந்து வருவது.

ஆகவே கவனிக்க வேண்டிய இடம் பாட்டில் அல்ல, கொப்பரை. பச்சைத் தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அது 6 சதவீதத்துக்கு இறங்கிய பிறகுதான் ஆட்டக் கொண்டுபோக வேண்டும். வீட்டில் இதை அளக்கக் கருவி வேண்டாம். ஒரு துண்டை எடுத்து ஒடித்துப் பாருங்கள். ‘டக்’கென்று ஒடிந்தால் காய்ந்தது, வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது. துண்டின் நடுப்பகுதியை ஒடித்துப் பார்க்க வேண்டும். ஓரம் முதலில் காய்ந்துவிடுவதால் அது ஏமாற்றும். நல்ல வெயிலில் 5 முதல் 7 நாள் ஆகும். மழைக்காலத்தில் முற்றத்தில் பரத்தி, தூறல் வந்ததும் அள்ளி, சாக்கில் குவித்து வைப்பதுதான் பூசணத்தை அழைத்து வருகிறது. குவிக்காமல் கூரைக்குக் கீழே ஒரே அடுக்காகப் பரப்பி, ஃபேன் போட்டு வையுங்கள். விறகடுப்பு இருந்தால் அதன் மேல் பரண் கட்டிச் சூட்டில் காயவைக்கலாம். தேங்காய் எண்ணெயில் புகை வாடை ஏறும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கறுப்பாகவோ பச்சையாகவோ மஞ்சளாகவோ பூசணம் பிடித்த துண்டுகளைத் துடைத்துவிட்டுச் சேர்க்காதீர்கள். பூசணத்தின் நஞ்சு எண்ணெயிலும் இறங்கும், காய்ச்சினாலும் முழுக்கப் போகாது. அந்தத் துண்டுகளை எறிந்துவிடுவதுதான் சிக்கனம்.

ஆட்டி வந்ததும் செய்ய வேண்டியது: வாய் அகன்ற ஸ்டீல் பாத்திரத்தில் மெல்லிய துணியால் மூடி 3, 4 நாள் அசையாமல் வையுங்கள். அடியில் மண்டி படியும். மேல் எண்ணெயை மட்டும் சாய்த்து எடுங்கள். மண்டியோடு சேர்த்து ஊற்றி வைத்த எண்ணெய்தான் முதலில் காறும், ஏனென்றால் ஈரமும் புரதமும் மண்டியில்தான் தங்கியிருக்கும். அந்த மண்டியை அன்றைக்கே ஒரு மீன் புளிமுளத்துக்குத் தாளித்துத் தீர்த்துவிடலாம்.

சந்தேகம் இருந்தால் ஒரு கரண்டி எண்ணெயைச் சூடாக்குங்கள். படபடவென்று பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது. அப்போது மொத்த எண்ணெயையும் உருளியில் ஊற்றி, சிறு தீயில், பொரியும் சத்தம் நிற்கும்வரை மட்டும் சூடாக்கி இறக்கிவிடுங்கள். புகை வரும்வரை விட்டால் எண்ணெய் கெட்டுவிடும். நன்றாக ஆறிய பிறகே பாட்டிலில் ஊற்ற வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்த தண்ணீர் திரும்ப எண்ணெய்க்குள்ளேயே சொட்டும்.

பாட்டில் காய்ந்திருக்க வேண்டும், கழுத்து வரை நிரம்பியிருக்க வேண்டும். பெரிய டின்னைத் தினமும் திறக்காமல், வாரத்துக்கு வேண்டியதை ஒரு சிறு பாட்டிலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அந்தச் சிறு பாட்டிலைக் காலியாகும் முன் நிரப்பவே கூடாது. பழைய எண்ணெயின் காறல் புதிதுக்கும் ஏறும். ஒவ்வொரு தடவையும் கழுவி, வெயிலில் காயவைத்து, பிறகு ஊற்றுங்கள்.

ஒரு கிலோ நல்ல கொப்பரைக்கு 600 முதல் 650 கிராம் எண்ணெய் கிடைக்கும். மழைக்காலத்தில் அதைவிட மிகவும் குறைந்தால் மில்காரரைச் சந்தேகிக்கும் முன் கொப்பரையின் ஈரத்தைச் சந்தேகியுங்கள். தண்ணீரையும் சேர்த்து எடை போட்டிருப்பீர்கள்.

காறிப்போன தேங்காய் எண்ணெய் இரண்டு லிட்டர் கிடக்கிறது. நேந்திரங்காய் வறுத்த பாமாயிலும் கொஞ்சம் மிச்சம். துணி சோப்பு செய்யலாம் என்று கேள்வி. அளவு சொல்லுங்கள்.
– வாசகர், கருங்கல்

செய்யலாம். காறிய எண்ணெய்க்கு இதைவிட நல்ல உபயோகம் இல்லை. ஆனால் இது கண் அளவில் செய்யும் வேலை அல்ல. கிராம் காட்டும் எலக்ட்ரானிக் தராசு இல்லாமல் இறங்காதீர்கள். எண்ணெயையும் லிட்டரில் அளக்காமல் எடை போட வேண்டும்.

துணி சோப்புக்கு 1 கிலோ தேங்காய் எண்ணெய், 180 கிராம் காஸ்டிக் சோடா, 360 மில்லி தண்ணீர். பாமாயில் என்றால் 1 கிலோவுக்குக் காஸ்டிக் 138 கிராம்தான். சூரியகாந்தி, நல்லெண்ணெய் என்றால் 130. எண்ணெய்க்கு எண்ணெய் காஸ்டிக் மாறும் என்பதைத் தெரியாமல்தான் பலர் கையைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். பாமாயிலுக்கு 180 கிராம் போட்டால் மிஞ்சும் காஸ்டிக் சோப்பிலேயே நிற்கும். உங்களைப்போல இரண்டும் இருந்தால் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக் கூட்டுங்கள். முக்கால் கிலோ தேங்காய் எண்ணெய்க்கு 135 கிராம், கால் கிலோ பாமாயிலுக்கு 34.5 கிராம், ஆக 169 கிராம். எந்த எண்ணெய் எவ்வளவு கலந்தது என்று தெரியாத பொரித்த எண்ணெயை 130 கணக்கில் போடுங்கள். சோப்பு கொஞ்சம் மென்மையாக இருக்கும், ஆனால் கையைக் கடிக்காது.

பொரித்த எண்ணெயை முதலில் வெளுக்க வேண்டும். வடிகட்டி, அதே அளவு தண்ணீரும் இரண்டு கரண்டி உப்பும் சேர்த்துப் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். அழுக்கு தண்ணீருக்குப் போகும், எண்ணெய் மேலே மிதக்கும். மேலே இருப்பதை மட்டும் கோரி எடுங்கள். மீன் வாடை முழுக்கப் போகாவிட்டாலும் பெரும்பகுதி போய்விடும்.

காஸ்டிக் சோடா கட்டியான பாக்கெட்டிலிருந்து உடைத்ததாக இருக்கக்கூடாது. காற்றில் ஈரம் குடித்துக் குழைந்துபோனதை எடை போட்டால் 180 கிராமில் ஒரு பங்கு தண்ணீராகவே இருக்கும். சீல் பிரிக்காத, செதில் செதிலாக உதிரும் பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். மிச்சத்தைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், பெரிதாகப் பெயர் எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

ஸ்டீல் அல்லது கனமான பிளாஸ்டிக் பாத்திரம் மட்டும். அலுமினியச் சருவத்தில் காஸ்டிக் பட்டால் பாத்திரம் கரைந்து நுரைத்து, தீப்பிடிக்கக்கூடிய வாயு வரும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, முற்றத்தில், தண்ணீரில் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கரையுங்கள். காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கரைசல் தானாகவே 80 டிகிரிக்கு மேல் சூடேறும், ஆவி வரும். மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு, அதாவது 40 டிகிரி அளவுக்கு ஆறும்வரை காத்திருங்கள். சூட்டைப் பாத்திரத்தின் வெளிப்புறம் தொட்டுப் பாருங்கள், விரலை உள்ளே விட வேண்டாம். எண்ணெயும் உறையாமல் இளஞ்சூட்டில் இருக்கட்டும். எண்ணெய்க்குள் கரைசலை நூலாக ஊற்றி, மரக்கரண்டியால் ஒரே பக்கமாகக் கிண்டுங்கள். கரண்டியைத் தூக்கி மேலே கோடு போட்டால் அது அமிழாமல் நிற்க வேண்டும். புது எண்ணெய்க்கு அரை மணி நேரம் முதல் முக்கால் மணி வரை ஆகலாம். காறிய எண்ணெய் சீக்கிரமே இறுகிவிடும், ஆகவே அச்சுகளை முன்னாலேயே தயாராக வையுங்கள். பால் கவரை உள்ளே விரித்த பிளாஸ்டிக் டப்பா போதும்.

எல்லோரும் தவறவிடுவது வெட்டும் நேரத்தைத்தான். தேங்காய் எண்ணெய் சோப்பு வேகமாகக் கல்லாகும். 6 முதல் 10 மணி நேரத்துக்குள், இன்னும் லேசாகச் சூடு இருக்கும்போதே கையுறையோடு வெட்டிவிடுங்கள். மறுநாள் வெட்டினால் சில்லு சில்லாக உடையும். வெட்டிய துண்டுகளை இடைவெளி விட்டு அடுக்கி 4 வாரம் நிழலில் காயவைத்த பிறகே எடுக்க வேண்டும்.

மேலே லேசான வெள்ளைப் பொடி படிந்திருந்தால் பயம் இல்லை, துடைத்துவிடலாம். உள்ளே வெள்ளைக் குமிழ்களோ நீர்க்குழிகளோ இருந்தால் காஸ்டிக் கலக்காமல் நின்றிருக்கிறது, அதை உபயோகிக்காதீர்கள். எண்ணெய் தனியே கசிந்தால் கிண்டியது போதவில்லை அல்லது காஸ்டிக் வலு குறைவு.

கடலோரக்காரர்களுக்கு ஒரு சேதி: உப்புத் தண்ணீரில் மற்ற சோப்புகள் நுரைக்காமல் திரியும்போது தேங்காய் எண்ணெய் சோப்பு நுரைக்கும். கிணறு உவர்த்துப்போன ஊர்களில் இந்தச் சோப்பின் அருமை தெரியும். குளிக்க வேண்டும் என்றால் நல்ல எண்ணெயில், கிலோவுக்குக் காஸ்டிக்கை 146 கிராமாகக் குறைத்து, 6 வாரம் காயவையுங்கள். தோல் வறளாது. தோலில் கரைசல் தெறித்தால் உடனே ஓடும் தண்ணீரில் நிறைய நேரம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் 20 நிமிஷம் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக ஏற்பாடு செய்யுங்கள். வினிகர், எலுமிச்சை எதுவும் ஊற்ற வேண்டாம்.

சம்பா அரிசி வேக ரொம்ப நேரம் எடுக்கிறது. சிலிண்டர் ஒரு மாதம்கூட வருவதில்லை. எங்கே கேஸ் போகிறது?
– வாசகி, நாகர்கோவில்

கொதி வந்த பிறகும் தீயைப் பெரிதாக வைத்திருப்பதில் போகிறது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். தீயை எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் சூடேறாது, ஆவிதான் அதிகம் போகும். கொதி வந்ததும் மூடி போட்டு, கொதி நிற்காத அளவுக்குத் தீயைக் குறையுங்கள்.

சம்பாவுக்கு நம் பக்கத்து வீடுகளில் இருக்கும் தெர்மல் குக்கர்தான் (சூடு வெளியே போகாத பெட்டிக்குள் பானையை வைப்பது) சரியான வழி. அரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீரில் போட்டு, மூடி வைத்துப் 10 முதல் 15 நிமிஷம் கொதிக்கவிட்டு, கொதியோடு பெட்டிக்குள் இறக்குங்கள். ஒரு மணி நேரத்தில் வெந்துவிடும், கஞ்சியை வடிக்கலாம். பெட்டி இல்லாதவர்கள் கனமான துணியும் தேங்காய்த் தும்பும் (நாரும்) அடைத்த ஒரு பெரிய கூடையில் வைக்கலாம். பானை பெரிதாகவும் முக்கால் பங்குக்கு மேல் நிறைந்தும் இருந்தால்தான் சூடு நிற்கும். கால் பானை அரிசி வேகாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படியே விடாதீர்கள். சூடு இறங்கிய சோற்றில் கிருமி வளரும்.

பருப்புக்கு விசில் எண்ணாதீர்கள். முதல் விசில் வந்ததும் ‘சிம்’மில் வைத்து நிமிஷத்தை எண்ணுங்கள். குக்கருக்குள் 120 டிகிரி வந்தாயிற்று, ஒவ்வொரு விசிலும் வீணாகும் ஆவி. மரச்சீனியில் (மரவள்ளிக் கிழங்கில்) மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். சிறு துண்டாக வெட்டி, நிறையத் தண்ணீரில், திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். கசப்பு வகைக் கிழங்கின் நஞ்சு அந்தத் தண்ணீரோடுதான் போக வேண்டும்.

தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால் பர்னர் துளை அடைத்திருக்கிறது. கஞ்சி பொங்கி வழிந்து, உப்போடு காய்ந்து இறுகியிருக்கும். பர்னரைக் கழற்றி வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, ஊசியால் துளையைக் குத்தி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் தீ துடிக்கும்.

புதுச் சிலிண்டர் வந்ததும் எடை போட்டுப் பாருங்கள். உள்ளே கேஸ் 14.2 கிலோ இருக்க வேண்டும். காலிச் சிலிண்டரின் எடை அதன் மேலேயே பொறித்திருக்கும், இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உள்பக்கம் எழுத்தும் வருஷமும் இருக்கும். அதுதான் அடுத்த சோதனைக்கு உரிய காலம்: ஏ என்றால் மார்ச் வரை, பி என்றால் ஜூன், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர் வரை. அது கடந்த சிலிண்டரைத் திருப்பி அனுப்புங்கள். ஒழுகுகிறதா என்று பார்க்கச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். தீக்குச்சி கிழிக்கவே கூடாது.

மழையில் துணி காயாமல் வாடை. துவர்த்துகள்தான் (துவட்டும் துண்டுகள்) மோசம். சோப்புப் பவுடரைக் கூட்டியும் போகவில்லை.
– வாசகி, குலசேகரம்

கூட்டியதால்தான் போகவில்லை. அலசிப் போகாத பவுடர் நூலுக்குள் நின்று அழுக்கைப் பிடித்து வைக்கிறது, கிருமி அங்கே வளர்கிறது. துவைத்துக் காய்ந்த ஒரு துவர்த்தை வெறும் தண்ணீரில் போட்டுக் கசக்குங்கள். நுரை வந்தால் நீங்கள் இதுவரை போட்ட பவுடர் அதிகம். அடுத்த தடவை பாதியாக்குங்கள். அலசும்போது நுரை வராத அளவுதான் உங்கள் தண்ணீருக்குச் சரியான அளவு.

பிடித்த வாடையை எடுக்க ஒரு வாளி வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரைத்து, ஒரு மணி நேரம் ஊறவைத்து, இரண்டு தடவை அலசுங்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் இது ஆகாது. மெஷின் இருந்தால் இரண்டாம் முறையும் ‘ஸ்பின்’ போடுங்கள். அதற்கு ஆகும் கரண்ட், துணியைத் திரும்பத் துவைப்பதைவிடக் குறைவு. கொடியில் நாலு விரல் இடைவெளி விடுங்கள், கீழிருந்து ஃபேன் காற்று போகட்டும். வாசனைத் திரவத்தைத் துவர்த்துக்கு ஊற்றாதீர்கள். அது நூலில் பூச்சாகப் படிந்து தண்ணீர் உறிஞ்சாமல் செய்துவிடும்.

சாளை, நெத்திலி வாங்கும் நாட்களில் பாத்திரத்துக்கும் கைக்கும் எவ்வளவு சோப்பு போட்டாலும் வாடை போவதில்லை. தலையும் குடலும் சும்மா போகிறது. தென்னைக்குப் போடலாமா?
– வாசகி, குளச்சல்

மீன் வாடை காரத்தன்மை உள்ளது, சோப்பும் காரம். ஆகவே சோப்பைக் கூட்டி ஜெயிக்க முடியாது. புளி வேண்டும். முதலில் பாத்திரத்திலுள்ள எண்ணெயை வாழையிலைக் கிழிசலால் வழித்தெடுங்கள். கரைத்த புளியின் சக்கை, பிழிந்த எலுமிச்சைத் தோல், புளிச்சக்காய் இதில் எது இருக்கிறதோ அதைத் தேய்த்து இரண்டு நிமிஷம் விட்டுக் கழுவிய பிறகு கொஞ்சம் சோப்பு போதும். கைக்கும் இதேதான்.

கழிவைப் பச்சையாகத் தென்னை மூட்டில் போட்டால் நாயும் ஈயும் கிளறும். மீன் அமிலமாக்குங்கள். கழிவு எத்தனை கிலோவோ அத்தனை கிலோ வெல்லம் அல்லது கருப்பட்டி. உடைந்த, கறுத்த கருப்பட்டி மலிவாகக் கிடைத்தால் அதுவே போதும். தண்ணீர் ஒரு சொட்டும் சேர்க்காமல் பிசைந்து, பிளாஸ்டிக் வாளியில் முக்கால் பங்கு மட்டும் நிரப்பி, மூடி நிழலில் வையுங்கள். முதல் வாரம் தினமும் மூடியைச் சற்றே தளர்த்தி வாயுவை விடுங்கள், இல்லாவிட்டால் மூடி தெறிக்கும். 21 நாளில் தேன் நிறத்தில் திரவம் பிரியும், பழ வாடை அடிக்கும். அழுகல் நாற்றம் வந்தால் வெல்லம் குறைந்திருக்கிறது அல்லது தண்ணீர் சேர்ந்திருக்கிறது. அதே அளவில் பாதி வெல்லம் கூடச் சேர்த்து இன்னும் பத்து நாள் விட்டுப் பாருங்கள். வடிகட்டி, லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லிக்கு மேல் போகாமல் கலந்து, காய்கறிக்கும் மல்லிகைக்கும் மாலை நேரத்தில் தெளிக்கலாம், தென்னை மூட்டில் ஊற்றலாம். அளவு கூடினால் இலை கருகும்.

குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்கி வைத்தால் இரண்டே நாளில் கறுக்கிறது.
– வாசகி, சுசீந்திரம்

புளியும் உப்பும் கறுப்பை எடுக்கும், கழுவாமல் விட்டால் அவையே திரும்பக் கறுப்பாக்கும். பூசி ஐந்து நிமிஷத்துக்கு மேல் விடாதீர்கள். கொஞ்சம் சோப்பு போட்டு இடுக்கில் பிரஷ் விட்டுக் கழுவி, உடனே காய்ந்த துணியால் துடைத்து, வெயிலில் பத்து நிமிஷம் வைத்து, கடைசியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லத் தேயுங்கள். நிறம் நிற்கும்.

மழைக்கு உப்பு நீர்த்துப் போகிறது.
– வாசகர், அகஸ்தீஸ்வரம்

உப்பளம் பக்கத்திலேயே இருக்கும் ஊர்க்காரர் கேட்கிறீர்கள்! கல்லுப்பில் ஒட்டியிருக்கும் மெக்னீசிய உப்புகள்தான் காற்றின் ஈரத்தைக் குடிக்கின்றன. பரணியின் (ஜாடியின்) அடியில் சிரட்டைத் துண்டு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உப்பைக் கொட்டுங்கள், நீர் கீழே வடியும், உப்பு மேலே காய்ந்து நிற்கும். தூளுப்பு டப்பாவில் வறுத்த அரிசி ஒரு கரண்டி போதும், மாதம் ஒரு தடவை அரிசியை மாற்றுங்கள். அயோடின் உப்பை வறுக்காதீர்கள், வெயிலிலும் வைக்காதீர்கள், அயோடின் குறையும். மூடி வைத்து, சமையல் முடியும் நேரத்தில் சேருங்கள்.

ரப்பர் ஷீட்டுக்கு வாங்கிய ஆசிட் மிச்சம் இருக்கிறது. பாத்ரூம் டைல்ஸில் வெள்ளைக் கறை, அதற்கு ஊற்றலாமா?
– வாசகர், அருமனை

வேண்டாம். ரப்பர் பால் உறைய வைக்கும் பார்மிக் ஆசிட் சுண்ணாம்புக் கறையைக் கரைக்கும் என்பது சரிதான், ஆனால் கடையில் வருவது கடுமையான வலு உள்ளது. தோல் வெந்துபோகும், மூடிய பாத்ரூமில் ஆவி மூச்சை அடைக்கும். அதைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி அடுக்களைப் பக்கம் வைப்பது இன்னும் ஆபத்து. வந்த கேனிலேயே, ஷீட் அடிக்கும் புரையில் இருக்கட்டும்.

மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) போதும். ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, கறை மேல் துணியை நனைத்துப் போர்த்தி அரை மணி நேரம் விட்டுத் தேயுங்கள். குழாய் வாயில் கல் பிடித்திருந்தால் அந்தத் துணியைச் சுற்றிக் கட்டிவிடலாம். மொசைக், மார்பிள், சிமென்ட் தரையில் எந்தப் புளிப்பும் கூடாது, மினுக்கம் போய்ச் சொரசொரப்பாகும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட்டையோ பாத்ரூம் கிளீனரையோ ஊற்றவே கூடாது. குளோரின் வாயு வரும்.

கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போட வேண்டும்? ஒரு கிலோ வாங்கினால் பாதி வீணாகிறது.
– வாசகர், தக்கலை

1,000 லிட்டர் தண்ணீருக்கு நல்ல பவுடர் 2.5 கிராம். கிணற்றின் குறுக்களவை மீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 785-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 2 மீட்டர் குறுக்களவு, 3 மீட்டர் நீர் என்றால் ஏறக்குறைய 9,420 லிட்டர், பவுடர் 24 கிராம். கிலோ கணக்கே இல்லை பாருங்கள். கால் கிலோவாக வாங்குங்கள்.

பவுடரை நேராகக் கிணற்றில் கொட்டாதீர்கள். வாளியில் குழைத்து, முக்கால் வாளி தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிஷம் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் இன்னொரு வாளிக்கு ஊற்றி, அந்த வாளியைக் கிணற்று நீருக்குள் இறக்கி மேலும் கீழும் ஆட்டுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு மண்டி கிணற்றுக்குள் போனால் தண்ணீர் கடினமாகும். ஒரு மணி நேரம் கழித்துக் கோரலாம். மாலையில் போட்டுக் காலையில் எடுப்பது நல்லது. மிச்சப் பவுடரைக் காற்றுப் புகாத டப்பாவில், இருட்டில் வையுங்கள். திறந்து கிடந்தது வலு இழந்துவிடும். அதை 2.5 கிராம் கணக்கில் போட்டுப் பயன் இல்லை.

வெட்டுகத்தி, அரிவாள்மனை எல்லாம் கடல் காற்றில் துருப்பிடிக்கிறது.
– வாசகி, முட்டம்

உப்புப் படலம் இரும்பில் ஒட்டி ஈரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும், அதனால் வெறுமனே துடைத்தால் போதாது. முதலில் நல்ல தண்ணீரில் கழுவி உப்பை எடுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் அந்த உப்பு திரும்ப ஏறும், கடைசி அலசலுக்காவது குடிநீர் வேண்டும். துடைத்து, அடுப்புச் சூட்டில் ஒரு நிமிஷம் காட்டிக் காயவைத்து, சூடு இருக்கும்போதே தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு அலகு முழுக்கத் தேயுங்கள். மரப்பிடியைத் தீயில் காட்ட வேண்டாம். பிடிக்குள் அலகு நுழையும் இடத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள், துரு தொடங்குவது அங்கேதான். பிடித்த துருவுக்கு, தொண்டின் தும்பை உருண்டையாக்கி அடுப்புச் சாம்பலும் எண்ணெயும் தொட்டுத் தேய்த்தால் வரும். ஈரச் செங்கல்லில் தீட்டினால் உடனே துடைத்து எண்ணெய் பூசிவிட்டே தொங்கவிடுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் சுவர் ஈரம் அலகுக்கு ஏறும்.